செம்மரமும் திருப்பதி மரப்பாச்சியும்

நவராத்திரிக் கொலுவில் களிமண் பொம்மைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். புதிது வரும், பழையது உடையும். படியில் நிற்கும் மரப்பாச்சி மட்டும் மாறுவதில்லை. ஆணும் பெண்ணுமாக ஓர் இணை; ராஜா, ராணி என்று பெயர். பெரும்பாலும் கல்யாணமான பெண்ணுக்குத் தாய்வீடு கொடுத்தனுப்பியதாகவோ, பாட்டி வழி வந்ததாகவோ இருக்கும். பட்டுத் துணியோ ஜரிகைக் காகிதமோ சுற்றி முதலில் அதை வைத்த பிறகுதான் பல வீடுகளில் மற்றப் பொம்மைகள் பெட்டியை விட்டு வெளியே வருகின்றன. அந்த இணையில் பெரும்பகுதி செதுக்கப்பட்ட இடம் திருப்பதி. மலைக்குப் போனவர்கள் லட்டுடன் வாங்கி வந்த பொருள் அது. பொம்மையின் நிறம், கனம், குட்டையான உருவம், தட்டையான முதுகு ஆகிய எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே மரம்: திருப்பதியைச் சூழ்ந்த மலைகளில் மட்டுமே இயற்கையாகச் செழிக்கும் செம்மரம்.

செம்மரத்துக்குத் தமிழில் செஞ்சந்தனம், ரத்தசந்தனம் என்றும் பெயர் உண்டு. தெலுங்கில் எர்ர சந்தனம். பெயரில் சந்தனம் இருந்தாலும் சந்தன மரத்துக்கும் இதற்கும் உறவில்லை, மணமும் இல்லை. இது வேங்கையின் இனம். தாவரவியலில் டெரோகார்பஸ் சாண்டலினஸ் என்று இதற்குப் பெயரிட்டவர் இளைய லின்னேயஸ். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா ஆகிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்கோடிக் குன்றுகளே இதன் தாயகம். சித்தூர், கடப்பா, நெல்லூர்ப் பகுதிகளில் அடர்ந்தும், வடக்கே கர்நூல், பிரகாசம் வரையிலும் தெற்கே தமிழக எல்லையோரத்திலும் சிதறியும் காணப்படுகிறது. மண் ஆழமில்லாத, கல்லும் சரளையுமான சரிவுகள் அதற்குப் பிடித்தவை. மழை குறைந்த அந்த இடங்களில் வேறு பெருமரங்கள் நிற்கத் தயங்கும். செம்மரமும் அங்கே பெரிதாக வளர்வதில்லை. கறுத்த பட்டை முதலைத் தோல் போலக் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். இலைக்காம்புக்கு மூன்று சிற்றிலைகள். கோடையில் மஞ்சள் பூ. வட்டச் சிறகு கொண்ட காய்.

தச்சனுக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. வெளிச்சுற்றில் வெளுத்த வெளிறு. நடுவில் ரத்தச் சிவப்பில் வைரம். வெளிறை வண்டு அரிக்கும். வைரத்தைக் கரையான்கூட எளிதில் தொடாது. வைரக் கட்டை ஒரு கன மீட்டர் 1,000 கிலோவைத் தாண்டும். ஆகவே நீரில் மூழ்கும். ஆனால் வைரம் பாய்வதற்குக் காலம் வேண்டும். தோட்டத்தில் வைத்து நீர் பாய்ச்சி வளர்த்த மரத்துக்கே ஒரு தலைமுறை தேவைப்படும். காட்டு மரத்துக்கு அதைவிட நீண்ட காலம். இத்தனை ஆண்டு காத்திருந்தாலும் கிடைப்பது இடுப்பளவுப் பருமன் உள்ள கட்டைதான், அதிலும் நடுவே பொந்தோ வெடிப்போ இருக்கலாம். ஒரு கதவுப் பலகைக்குக்கூடப் பல துண்டுகளை ஒட்டுப்போட வேண்டும். செம்மரத்தைச் சிற்றுருவங்களுக்கு உரியதாக்கியது இதுதான்.

பெரிய கட்டைகள் உள்ளூரில் தங்கவும் இல்லை. ஐரோப்பியருக்கு இது முதலில் சாயம். இடைக்கால ஐரோப்பிய சமையலில் உணவுக்குச் சிவப்பு ஏற்ற இதன் தூளைச் சேர்த்தார்கள். கம்பளி நூலுக்குச் சாயமேற்றினார்கள். ஸ்வீடன் நாட்டு ஊறுமீனில் இன்றும் செஞ்சந்தனத் தூள் ஒரு மசாலா. சாந்தாலின் என்னும் அந்தச் சாயம் தண்ணீரில் எளிதில் கரையாது, சாராயத்தில் கரையும். டச்சுக் கம்பெனியும் ஆங்கிலக் கம்பெனியும் சோழமண்டலக் கரையிலிருந்து செம்மரக் கட்டைகளைக் கப்பலேற்றின. விலை குறைந்த காலத்தில் அதன் கனமே உதவியது. துணிமூட்டைகள் ஏறும் கப்பலுக்கு அடிப்பாரமாக அதைப் போட்டார்கள். செயற்கைச் சாயங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்ததும் மேற்கில் தேவை சரிந்தது.

கிழக்கில் கதை வேறு. சீனத்தில் ட்ஸிதான் எனப்படும் கருஞ்சிவப்பு மரம் மிங், சிங் அரச வம்சங்களின் மேசை நாற்காலிகளுக்கு உச்ச மதிப்புள்ள மரமாக இருந்தது. இன்று அந்தப் பெயரில் முதலிடம் பெறுவது செம்மரமே. பெய்ஜிங்கில் 1999-இல் திறக்கப்பட்ட ஓர் அருங்காட்சியகம் முழுவதும் இந்த மரச் சாமான்களுக்கு உரியது. ஜப்பானில் ஷமிசென் என்னும் மூன்று நரம்பு வாத்தியத்தின் கழுத்துப் பகுதிக்கு இதுதான் சிறந்த மரம். ரேகைகள் நேராக ஓடாமல் அலையலையாக மடிந்த கட்டைக்கு அங்கே தனி விலை. திருப்பதிச் சிற்பிக்கு அதே அலை ரேகை தொல்லை. உளி ஒரு பக்கம் சீராக ஓடி அடுத்த விரற்கடையில் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரே குணத்துக்கு ஓரிடத்தில் பொன் விலை, இன்னோரிடத்தில் வசை.

சந்திரகிரியில் உள்ள ராஜ மஹாலைப் பார்ப்பவர்களுக்கு வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: விஜயநகர அரசர்களின் இந்த மூன்றடுக்கு மாளிகையின் கட்டுமானத்தில் மரமே இல்லை, கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும். காட்டின் வாயிலில் அமர்ந்துகொண்டு மரமின்றி மாளிகை எழுப்பியது விந்தையாகத் தோன்றலாம். அந்தக் காட்டின் மரம் உத்தரத்துக்கு நீளம் போதாதது என்பதை நினைத்தால் வியப்பு கொஞ்சம் குறையும்.

மரவேலைக்குத் திருப்பதியில் வேறு களம் இருந்தது. திருமலையிலும் கீழ்த் திருப்பதியிலும் திருச்சானூரிலும் ஆண்டு முழுதும் உற்சவம். பிரம்மோற்சவ வாகனங்கள் மர உருவங்களின் மேல் பொன்னோ வெள்ளியோ கவசமிட்டவை. எட்டாம் நாள் தேர். தேர், வாகனம், கதவு, பல்லக்கு ஆகியவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் தச்சர் குடும்பங்கள் தேவைப்பட்டன. உற்சவம் இல்லாத நாட்களில் அவர்களுக்கு வருமானம் தந்தது யாத்திரிகர் கூட்டம். கோவில் நிர்வாகம் 1801-இல் கம்பெனி அரசின் கையில் வந்தது. 1843-இல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் போனது. அதன்பின் தேவஸ்தானக் குழு 1933-இல் பொறுப்பேற்றது. இந்த மாற்றங்களைவிட பொம்மைக் கடைகளுக்குப் பெரிய மாற்றம் 1891-இல் விழுப்புரம், காட்பாடி, பாகாலா வழியே வந்த ரயில். தென்னார்க்காட்டிலிருந்தும் வடார்க்காட்டிலிருந்தும் நடந்தோ வண்டி கட்டியோ வந்தவர்கள் இனி ரயிலேறி வந்தார்கள். கையில் எடுத்துப் போகக்கூடிய, வழியில் உடையாத, கோவிலோடு தொடர்புள்ள பொருள் அவர்களுக்கு வேண்டும். மரப்பாச்சி அதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. மலைப்பாதையில் 1944-இல் மோட்டார் சாலை திறந்தபோது கூட்டம் இன்னும் பெருகியது.

ரயில் வந்த காலத்தில் சித்தூர் வடார்க்காடு ஜில்லாவின் தலைநகரம். 1911 ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் தனி மாவட்டமானது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடு எத்தனை முறை நகர்ந்தாலும் பொம்மை வாங்குபவர்களில் தமிழர் பங்கு குறையவில்லை. வேங்கடம் வடக்கு எல்லை என்று பழைய இலக்கணம் வகுத்த நிலத்தில், தெலுங்கும் தமிழும் பேசும் கைவினைஞர் செய்த பொம்மை தமிழ் வீட்டு வழக்கத்துக்குள் போய் உட்கார்ந்தது. வாங்குபவரின் வழக்கம் செய்பவரின் வடிவத்தை உறைய வைத்தது என்றும் சொல்லலாம். கொலுவுக்கு ராஜா ராணி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாட்டிமார் எதிர்பார்த்ததால் சிற்பி புதுமை செய்ய வாய்ப்பு குறைவு.

கோவில் சிற்பத்துக்கும் மரப்பாச்சிக்கும் உள்ள தூரத்தை இங்கே கவனிக்க வேண்டும். வழிபாட்டு உருவத்துக்குத் தாள அளவு உண்டு. முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு உடலை வகுப்பது முறை. திருமாலுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலம். குழந்தைக் கண்ணனுக்கும் விநாயகருக்கும் பஞ்சதாளம். இந்த அங்குலம் உருவத்தின் உயரத்தையே பகுத்து எடுப்பது. அடிக்கோலின் அங்குலம் அல்ல. மரப்பாச்சியோ எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாது. தலை பெரிது, கால் குட்டை, கை உடலோடு ஒட்டியது. துருத்தி நிற்கும் விரலோ நீட்டிய கையோ இந்த மரத்தில் ரேகைக்குக் குறுக்கே அமைந்தால் உடைந்துபோகும். குழந்தை கையில் அது ஒரு நாள் தாங்காது. முதுகு தட்டையாக இருப்பதற்கும் ஒரு தொழில் நியாயம் சொல்லலாம்: உருளைக் கட்டையை நெடுக்கே பிளந்தால் ஒரு துண்டில் இரண்டு பொம்மை. வளைந்த பக்கம் முகமும் மார்பும் ஆகும். பிளந்த பக்கம் அப்படியே முதுகு. ஒரே கட்டையில் இணையாகச் செய்வதும் அதனால் எளிது.

மரம் தேர்வது பற்றிப் பழைய நூல்கள் நிறையப் பேசுகின்றன. ஆறாம் நூற்றாண்டில் வராஹமிஹிரர் எழுதிய பிருஹத் சம்ஹிதையில் திருவுருவத்துக்கு மரம் எடுக்க வனம் புகுவது பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. சுடுகாட்டில், வழியோரத்தில், ஆறுகள் கூடுமிடத்தில் நின்ற மரம் ஆகாது. இடி விழுந்தது, யானை முறித்தது, தீயில் பட்டது ஆகாது. பறவைக் கூடும் தேன்கூடும் உள்ளது ஆகாது. முதல் நாள் இரவு மரத்துக்குப் பூசை செய்து, அதில் வாழும் உயிர்களை இடம் மாறச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும். விடியலில் நீர் தெளித்து, தேனும் நெய்யும் தடவிய கோடரியால் வடகிழக்குப் பக்கத்தில் முதல் வெட்டு. கிழக்கிலோ வடக்கிலோ விழுந்தால் நன்று. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் மரத்தை ஆண், பெண், அலி என்று மூன்றாகப் பிரிக்கின்றன: அடிமுதல் நுனிவரை ஒரே பருமன் ஆண்; அடி பருத்து நுனி மெலிந்தது பெண்; தலைகீழானது அலி. இவற்றை வெறும் சடங்கு என்று ஒதுக்குவதும் தவறு, எல்லாவற்றுக்கும் அறிவியல் கற்பிப்பதும் தவறு. இடி விழுந்த மரத்தில் வெளியே தெரியாத வெடிப்பு இருக்கும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். ஒரே பருமன் உள்ள மரம் தூணுக்கு நல்லது என்பதும் கண்கூடு. வடகிழக்கு வெட்டுக்கு அப்படி ஒரு காரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்த விதிகள் எவையும் மரப்பாச்சிக்குப் பொருந்தியதில்லை. அது பூசைக்குரிய உருவம் அல்ல. கண் திறக்கும் சடங்கும் இல்லை. விழுந்த மரத்தின் கிளையோ, வாகன வேலையில் மிஞ்சிய கட்டையோ, வெட்டியதில் கழிந்த துண்டோ போதும். விளையாட்டுப் பொருளுக்கு இருந்த இந்தச் சுதந்திரம்தான் கழிவிலிருந்து ஒரு கைத்தொழிலை எழுப்பியது. பெரிய கட்டை கப்பலுக்குப் போயிற்று; சிறு துண்டு கொலுவுக்கு வந்தது.

செதுக்கும் முறை எளிது போலத் தோன்றும். கட்டையை நிழலில் நாள்பட உலர விடவேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் முனைகள் வெடிக்கும். முனைகளில் மெழுகோ சாணமோ பூசி வைப்பது தச்சர்கள் எல்லா மரத்துக்கும் செய்யும் பாதுகாப்பு. அடுத்து வாச்சியால் வெளிறு முழுவதையும் கழித்துவிட வேண்டும். வெள்ளைக் கோடு ஒன்று மிஞ்சினாலும் பொம்மையின் தோற்றம் கெடும். நாளடைவில் வண்டும் வரும். பிளந்த கட்டையில் நடுக்கோடு இட்டு, கழுத்து, இடுப்பு, பாதம் மூன்றுக்கும் ரம்பத்தால் அளவான ஆழத்தில் குறுக்கு வெட்டு. இனி உளி அந்த வெட்டை நோக்கியே ஓடும், தாண்டாது. ரம்ப வெட்டு இல்லாமல் உளியிடும் புதியவர் கழுத்தை எடுக்கப்போய்த் தலையையே பெயர்ப்பது வழக்கம். முகம், கொண்டை, மார்பு என்று உருவம் வந்ததும் கையும் நகையும் சிற்றுளி வேலை. அரம், பிறகு உப்புத்தாள். உப்புத்தாள் வருவதற்கு முன் தென்னிந்தியத் தச்சர் சொரசொரப்பான பிராய் இலையால் மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினர். கடைசியில் எண்ணெயோ மெழுகோ தடவினால் போதும், வண்ணம் தேவையில்லை. புதிதில் செங்கல் சிவப்பாக இருக்கும் பொம்மை காற்றும் வெளிச்சமும் பட்டு ஆண்டுகள் போகப் போகக் கருஞ்சிவப்பாகி, பழைய இணைகளில் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும்.

கருவியில்தான் சிரமம். வேம்பில் நாள் முழுக்க ஓடும் உளி செம்மரத்தில் சீக்கிரம் முனை மழுங்கும். உளியின் வாயைச் சற்று மொத்தமான கோணத்தில் தீட்டவேண்டும். மெல்லிய வாய் கடின மரத்தில் பொடிந்துபோகும். கொட்டாப்புளியால் ஓங்கி ஒரு அடி அடிப்பதைவிடச் சிறு தட்டுகள் பல தட்டுவது நல்லது. தூள் கையையும் துணியையும் சிவப்பாக்கும். மூக்குக்குள் போனால் எரிச்சல் தரும் என்பதால் மூக்கை மூடிக்கொள்வது அவசியம். வீட்டில் பழகும் ஆர்வலர் முதலில் வேம்பிலோ தேக்கிலோ பத்துப் பொம்மை செதுக்கிய பிறகு கடினக் கட்டைக்குப் போவது நல்லது. தமிழில் இந்தக் கலை பற்றிப் படிக்க விரும்புவோருக்கு வை. கணபதி ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ அளவு முறைகளைத் தெளிவாக விளக்கும் நூல். சென்னை மாகாண மரச்சிற்பம் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1903-இல் வெளியிட்ட ஆங்கிலத் தனிநூல் தொழிலின் அந்தக் கால நிலைக்குச் சான்று. கற்க விரும்புவோருக்குத் திருப்பதியிலேயே தேவஸ்தானம் நடத்தும் மரபுச் சிற்பக் கல்லூரி 1960 முதல் இயங்குகிறது.

பொம்மையைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளும் தொழிலின் ஒரு பகுதி. பல் முளைக்கும் குழந்தை மரப்பாச்சியைக் கடித்தால் நல்லது என்று கொடுத்தார்கள். அடிபட்ட வீக்கத்துக்குக் கல்லில் இழைத்துப் பூசினார்கள். வைத்திய நூல்களில் செஞ்சந்தனம் குளிர்ச்சி தரும் வெளிப்பூச்சு. வண்ணம் பூசாத, நச்சுச் சாயம் இல்லாத மரம் என்ற அளவில் குழந்தைக்குக் கொடுத்தது நியாயமே. கல்லில் இழைத்து இழைத்தே பல வீடுகளில் ராணியின் பாதம் தேய்ந்து போயிருக்கும். ஆனால் அண்மைக் காலத்தில் பரவிய இன்னொரு கதை, ஜப்பானியர் இதை அணு உலைகளில் கதிர்வீச்சைத் தடுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்பது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கடத்தல் விலையை விளக்க முடியாதவர்கள் சொல்லிக்கொண்ட கதையாகவே அது தோன்றுகிறது. போலியை அறிய நம்பகமான சோதனை பழையதுதான்: உண்மையான வைரக் கட்டை நீரில் மூழ்கும், ஈரத்துணியால் துடைத்ததும் சிவப்பு வழிந்தால் அது சாயமேற்றிய மட்ட மரம்.

விலை ஏறியதும் காடு கொலைக்களமானது. பன்னாட்டு வன உயிர் வணிக உடன்படிக்கையான சைட்டிஸ் 1995-இல் செம்மரத்தை அதன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. காட்டு மரத்தை வெட்டுவதும் கட்டையை ஏற்றுமதி செய்வதும் தடைப்பட்டன. தடை விலையை உயர்த்தியது. விலை கள்ளச் சந்தையை வளர்த்தது. வெட்ட அழைத்துச் செல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் மலைகளின் ஏழைக் கூலிகள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை ஒட்டிய சேஷாசல வனத்தில் ஆந்திர அதிரடிப்படையின் துப்பாக்கிச் சூட்டில் அவர்களில் 20 பேர் இறந்தார்கள். அது மோதல்தானா என்ற கேள்வி மனித உரிமை ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. மரத்தின் லாபம் எங்கோ போக, உயிர் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து போயிற்று.

பொம்மை செதுக்குபவருக்கு இந்தப் போராட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை. பாதிப்பு மட்டும் உண்டு. கட்டை அவருக்கு வனத்துறையின் வழியாகவே கிடைக்கும்; அனுமதிச் சீட்டு இல்லாத ஒரு துண்டு கூடப் பட்டறையில் இருக்கக்கூடாது. விற்ற பொம்மைக்கும் ரசீது தேவை, வழியில் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். கட்டை வரத்து குறைந்ததாலும் விலை கூடியதாலும் பலர் வேறு மரத்துக்கு மாறினர். திருப்பதிக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் நடுவே ஏர்ப்பேடு மண்டலத்தில் உள்ள மாதவமாலா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊரின் பெரும்பாலான வீடுகளில் உளிச் சத்தம் கேட்கும். வேம்பு, தேக்கு, தூங்குமூஞ்சி ஆகியவற்றில் வேங்கடேசர், கணபதி, தசாவதாரம் செதுக்குகிறார்கள், ஆள் உயரத்துக்கும் மேலான உருவங்களும் உண்டு. செம்மரத்தில் இது முடியாது. மரம் மாறியதும் அளவும் வடிவமும் மாறிவிட்டன. அரசுக் கைவினை நிறுவனமான லேபாக்ஷியின் கடைகளில் இவை விற்பனைக்கு வருகின்றன. சென்னையின் மயிலாப்பூர் மாடவீதிகளில் நவராத்திரிக்கு வரும் மரப்பாச்சியும் இன்று பெரும்பாலும் செம்மரத்தில் செய்ததல்ல; சிவப்பு மெருகு பூசிய இலேசான மரம்.

விவசாயிகள் நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-இல் அரசு கொள்கையைத் தளர்த்தியது. இந்தியாவின் செம்மர வணிகத்தைச் சிறப்புக் கண்காணிப்பிலிருந்து சைட்டிஸ் நிலைக்குழு 2023-இல் விடுவித்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதே மரத்தை 2018-இல் ஆபத்து குறைந்ததாகத் தரவரிசை மாற்றி, பின்னர் மீண்டும் அழியும் ஆபத்துள்ள இனங்களில் சேர்த்தது. காட்டு மரமும் தோட்ட மரமும் ஒரே இனமானாலும் சட்டத்தில் இப்போது அவை இரண்டு பொருள்கள். தோட்டக் கட்டையின் வைரம் பொம்மைக்குப் போதுமான அளவில் வர இன்னும் ஆண்டுகள் ஆகும். வந்தாலும் அதை முதலில் கேட்கப்போவது வெளிநாட்டு வணிகர். சிறு துண்டும் கழிவும் உள்ளூர்ச் சிற்பிக்குக் கிடைக்க அதில் ஒரு பங்கை ஒதுக்கவேண்டும் என்பதே கைவினைஞர் தரப்பின் எளிய கோரிக்கையாக இருக்க முடியும். பழைய ஏற்பாட்டில் அது கேட்காமலேயே கிடைத்துவந்தது.